ஸ்கேனர் வாங்கலாம், ஆனால் அந்த நான்கு கிரவுன்களுக்காக வேண்டாம்

பதினொரு வருடமாக ஒரே நாற்காலியோடு தனியாக கிளினிக் நடத்தும் பல் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாதம் 12 முதல் 15 கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (பல் இல்லாத இடத்தைப் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிரப்பும் பல் தொகுதி). இரண்டு மூன்று பல்செட். எப்போதாவது ஒரு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்). அளவு எடுப்பதெல்லாம் ட்ரேயில் வைத்து வாயில் பதித்தெடுக்கும் அல்ஜினேட் மாவிலும், கெட்டியான புட்டி, இளகலான லைட் பாடி என்ற சிலிக்கோன்களிலும்தான். போன வருடம் 6 கிரவுன்களைத் திரும்பச் செய்ய வேண்டி வந்திருக்கிறது. அதில் 4 கீழ்க் கடைவாய்ப் பற்கள். நான்கிலும் நாக்குப் பக்கத்து ஓரம் சரியாக உட்காரவில்லை. ஒன்று கடிக்கும்போது உயரமாக இருந்தது. இன்னொன்றில் நிறம் பொருந்தவில்லை. இதற்கிடையில் மேல் வரிசையில் பிரிட்ஜ் போட வந்த பெரியவர் ஒருவர், ட்ரே உள்ளே போனதும் குமட்டல் தாங்காமல் மருத்துவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாந்தி எடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனவர் அப்புறம் வரவே இல்லை.

அந்த வாரம்தான், வாய்க்குள் கேமராவை விட்டுப் பல்லின் அளவை எடுக்கும் ஸ்கேனரை விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி வந்திருக்கிறார். “துல்லியம் 20 மைக்ரான். இனி ரிப்பீட் என்ற பேச்சே இல்லை. ட்ரேயெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம்” என்றாராம். ஐந்து வருடத் தவணை, சலுகை மாதக் கடைசி வரைதான். இதைக் கேள்விப்பட்ட உதவியாளர், “அப்போ எனக்கு என்ன வேலை மேடம்?” என்று கேட்டிருக்கிறார். ஆரம்பத்திலிருந்து பல் செய்து தரும் லேப் டெக்னீஷியன் கையாலேயே எல்லாம் செய்பவர், கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர். நண்பர்களோ, “இன்னும் ஐந்து வருடத்தில் ஸ்கேனர் இல்லாத கிளினிக்குக்கு யாரும் வர மாட்டார்கள்” என்கிறார்கள். வாங்கவா, வேண்டாமா என்பது கேள்வி.

அன்புள்ள டாக்டர்,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எதற்காக என்று கேட்டால், போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்: “லைட் பாடி சில நாள் ஈறோரத்தில் மட்டும் பிசுபிசுவென்று நின்றுவிடுகிறது, மழைக்காலம் என்பதால் இருக்கலாம்.” மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. உங்கள் கிளினிக்கில் என்ன கையுறை போடுகிறீர்கள்? லேடெக்ஸ் என்றால், அதில் இருக்கும் கந்தகம் அடிஷன் சிலிக்கோனை இறுக விடாது. புட்டியை லேடெக்ஸ் உறையோடு பிசைந்தால் புட்டி கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈறை ஒதுக்க கார்டு என்ற நூலை வைக்கும்போது பல்லையும் ஈறையும் அதே உறையால் தொட்டாலும் போதும், லைட் பாடி அந்த இடத்தில் மட்டும் இறுகாமல் நிற்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உடைந்த பல்லைக் கம்பாசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் நிரப்பிக் கட்டிவிட்டு உடனே அளவு எடுத்தாலும் இதே கதைதான். கம்பாசிட்டின் மேல்பூச்சாக இறுகாத ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். அளவெடுக்கும் நாளில் வினைல் உறைக்கு மாறிப் பாருங்கள். ஸ்கேனர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை நாளைக்கே செய்யலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கேனர் வாங்கலாம். நல்ல கருவி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களில் பாதிக்கு அது மருந்தாகாது. அந்த ஆறு கிரவுன்களையே எடுத்துக்கொள்வோம். நிறம் பொருந்தாததற்கும் அளவெடுத்த விதத்துக்கும் தொடர்பே இல்லை. சில ஸ்கேனர்கள் பல்லின் நிறத்தையும் அளந்து சொல்லும். அதை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டு கண்ணால் சரிபார்க்கத்தான் வேண்டும். உயரமாக வந்த ஒன்றுக்கு ஸ்கேனர் உதவியிருக்கலாம். மீதி நான்குதான் விஷயம். நான்கும் கீழ்க் கடைவாய், நான்கும் நாக்குப் பக்கம், நான்கிலும் ஓரம் ஈறுக்குக் கீழே. ஒரே இடத்தில் நான்கு முறை தவறு நடந்தால் பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நாக்கு தள்ளுகிற, எச்சில் ஊறுகிற, கண்ணுக்கு எட்டாத, ஈறு மேலே படிகிற இடம் அது. அங்கே ஸ்கேனர் உங்களைவிடத் திண்டாடும்.

ஒளி தள்ளாது

விற்பனைப் பேச்சில் இதைச் சொல்ல மாட்டார்கள். லைட் பாடிக்கு எடை உண்டு, பின்னாலிருந்து புட்டி அழுத்தும். கொஞ்சம் ஈரமோ கொஞ்சம் மூடிய ஈறோ இருந்தாலும் அது இடுக்கில் தன்னைத் திணித்துக்கொண்டு போய் ஓரத்தைத் தாண்டி ஒரு மெல்லிய ஏடு போல இறங்கும். அளவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தால், அந்த ஏடு பல்லைச் சுற்றி அறுபடாமல் ஓடுகிறதா என்றுதானே பார்ப்போம்? ஒளிக்கு அந்தத் தள்ளும் சக்தி கிடையாது. கேமராவுக்கு நேராகத் தெரிவது மட்டுமே பதிவாகும். ஓரத்தின் மேல் ஒரு சொட்டு இரத்தம் நின்றால், இரத்தத்தின் மேற்பரப்பைப் பல்லின் மேற்பரப்பாக எடுத்துக்கொண்டு ஸ்கேனர் பேசாமல் போய்விடும். எச்சில் தேங்கினாலும் அப்படித்தான்.

எனக்கே நடந்தது. வாங்கிய மூன்றாவது வாரம், கீழ் வரிசையின் கடைசிப் பல். திரையில் ஓரம் வழுவழுவென்று அழகாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து லேப்பிலிருந்து போன்: “டாக்டர், பின்பக்கத்தில் பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே ஆரம்பிக்கிறது? எனக்கு ஒரே சரிவாகத்தான் தெரிகிறது.” ஃபைலைத் திரும்பத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஸ்கேனருக்கு எதுவுமே கிடைத்திருக்கவில்லை. மென்பொருள் ஓட்டையைச் சுற்றியிருந்த புள்ளிகளை இணைத்துத் தானாகவே மூடியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மோசமான புட்டி அளவு மோசமாகவே தெரியும். கடுகு அளவு குமிழி கண்ணில் குத்தும். மோசமான ஸ்கேன் அழகாகத் தெரியும்.

அதனால் கார்டு, இரத்தம் நிறுத்தும் மருந்து, உலர்த்துவது, நாக்கை ஒதுக்குவது எல்லாம் ஸ்கேனர் வந்தபிறகும் அப்படியே இருக்கும். சொல்லப்போனால் இன்னும் கறாராகச் செய்ய வேண்டியிருக்கும். முடிந்த இடத்தில் ஓரத்தை ஈறுக்கு மேலேயோ ஈறின் மட்டத்திலோ நிறுத்தப் பழகுங்கள். பின்பக்கக் கடைவாயில் அழகுக்காக ஈறுக்குள் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பழைய அடைப்போ சொத்தையோ உள்ளே இழுத்துக்கொண்டு போனால் வேறு வழியில்லைதான். அப்படி ஆழமாக இறங்கிய பற்களுக்கு நான் இன்றைக்கும் புட்டி, லைட் பாடியைத்தான் எடுக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த 20 மைக்ரான் பற்றி ஒரு வார்த்தை. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உலர்ந்த மாடலில், ஒன்றிரண்டு பல்லுக்கு, நல்ல கையில் அப்படி வரக்கூடும். ஆனால் கிரவுன் உட்காருவது ஸ்கேனின் துல்லியத்தை மட்டும் வைத்து நடப்பதில்லை. வடிவமைக்கும்போது சிமென்ட்டுக்கு விடும் இடம், கிரவுனைக் கடையும் பர்ரின் (சுழலும் வெட்டுமுனையின்) பருமன், சிர்கோனியா என்ற பீங்கானைச் சுடும்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்குவதைக் கணக்கிட்டுப் பெரிதாகச் செய்வது என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிசகு சேரும். ஓர இடைவெளி 120 மைக்ரான் வரை இருந்தால் வாயில் தாங்கும் என்று மெக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் 1971இல் எழுதியதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் அளவுகோலாகச் சொல்கிறார்கள். ஒரு கிரவுனுக்கோ மூன்று பல் பிரிட்ஜுக்கோ நல்ல ஸ்கேனும் அதற்குள் வரும், நல்ல சிலிக்கோன் அளவும் வரும்.

பர்ரின் பருமன் என்றேனே, அதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். கடையும் பர் சுமார் 1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரவுனுக்காக நீங்கள் பல்லைத் தேய்த்துச் சிறிதாக்கியிருக்கும் விதத்தில் அதைவிடக் கூர்மையான விளிம்பு இருந்தால், கிரவுனின் உட்பக்கத்தில் அந்தக் கூர்மையை அந்தப் பர்ரால் குடைய முடியாது. ஒன்று, கிரவுன் அந்த முனையில் இடித்துக்கொண்டு மேலேயே நிற்கும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை ஈடுகட்ட அதிகமாகக் குடைந்துவிடும், உள்ளே தொளதொளவென்று இருக்கும். மெழுகில் வார்த்த காலத்துக் கையால் பல்லைத் தேய்த்துவிட்டு டிஜிட்டல் கிரவுன் சரியில்லை என்று புகார் சொல்பவர்கள் நிறையப் பேர். கோணங்களை உருட்டிவிடுங்கள். இதற்கும் ஸ்கேனர் தேவையில்லை. உங்கள் புட்டி அளவை வாங்கி லேப் சிர்கோனியா செய்தாலும் இதே விதிதான்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் இன்னொரு தவறான எண்ணமும் இங்கேதான் வருகிறது. “ஸ்கேனர் இல்லாததால் சிர்கோனியா வேலைகளை எடுக்கத் தயங்குகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் அளவிலிருந்து ஸ்டோன் மாடல் வார்த்து, அந்த மாடலை மேசை ஸ்கேனரில் ஸ்கேன் செய்து கடைவது வழக்கமான வேலை. உங்கள் டெக்னீஷியனிடம் கருவி இல்லாவிட்டால், மாடலைக் கடைந்து தரும் நிலையத்துக்கு அனுப்பி, வந்ததை அவர் பொருத்திப் பார்த்து மெருகேற்றித் தரலாம். இப்படிப் பல கையால் செய்யும் லேப்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முழு வரிசையும் பல்செட்டும்

ஸ்கேனர் ஒரே பார்வையில் முழு வாயையும் பார்ப்பதில்லை. ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் படம்படமாக எடுத்து, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டே போகும். ஒட்டுவதற்குப் பிடிமானமாகப் பல்லின் குழிகளும் மேடுகளும் வேண்டும். ஒவ்வொரு ஒட்டிலும் துளித்துளியாகப் பிசகினால், வலது கடைசிப் பல்லில் ஆரம்பித்து இடது கடைசிப் பல்லுக்குப் போகும்போது அது திரண்டுவிடும். அலைனருக்கோ (பல் வரிசையைச் சீராக்கும் கண்ணாடி போன்ற உறை), நைட் கார்டுக்கோ (தூக்கத்தில் பல் தேயாமல் போடும் காப்பு உறை) அது பெரிதில்லை. நீண்ட பிரிட்ஜுக்கு யோசிக்க வேண்டும். ஒரு வரிசை முழுக்க இம்பிளான்ட்களை இணைக்கும் வேலைக்கு நிச்சயம் யோசிக்க வேண்டும். இயற்கைப் பல் சிறிதளவாவது அசைந்து கொடுக்கும், இம்பிளான்ட் கொடுக்காது. அதற்கு ட்ரேயில், இணைத்துக் கட்டி எடுக்கும் பழைய முறையையோ, இம்பிளான்ட்களின் இடத்தை மட்டும் தனியே அளக்கும் கேமரா முறையையோதான் நாடுகிறார்கள். ஒற்றை இம்பிளான்ட் என்றால் அதன் இடத்தை ஸ்கேனருக்குக் காட்டும் ஸ்கேன் பாடி என்ற சின்ன முளையைத் திருகி வைத்து எடுப்பது மிகச் சுகமான வேலை. உங்களுக்கு வரும் எப்போதாவது ஒன்றுக்கு அது தாராளமாகப் போதும்.

பல் ஒன்றுமே இல்லாத தாடையில் கதை வேறு. வழுக்கும், பளபளக்கும், மேடுபள்ளம் இல்லாத பரப்பில் ஸ்கேனர் வழி தவறிவிடும். அது ஒருபக்கம் இருக்கட்டும். பல்செட் நிற்பதே ஓரத்தின் உருவத்தால்தானே? கன்னமும் உதடும் நாக்கும் அசையும்போது ஈறோரம் எதுவரை ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை, சூட்டில் இளகும் காம்பவுண்ட் என்ற அளவுப் பொருளைச் சூடாக்கி, நோயாளியை வாயைக் குவிக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி நாம் வடித்தெடுக்கிறோம். கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் செய்யும்போது அந்த உருவமே மாறிப்போகிறது. ஸ்கேனிலிருந்து பல்செட் செய்பவர்கள் இருக்கிறார்கள், முறைகளும் வளர்ந்து வருகின்றன. ஆனாலும் உங்கள் மாதம் இரண்டு மூன்று பல்செட்டுக்கு அல்ஜினேட்டும் காம்பவுண்டும் ட்ரேயும் இருக்கட்டும். ஆக, ட்ரேயைத் தூக்கிப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் பெரியவர் விஷயம்

இங்கே மனதாரச் சொல்கிறேன், ஸ்கேனருக்கு இணையே இல்லை. குமட்டல் வரும் நோயாளிக்கு அண்ணத்தின் பின்பகுதியில் படியும் ட்ரேயும், இறுகும் வரை எடுக்க முடியாதே என்ற பயமும் சேர்ந்துதான் வதைக்கிறது. ஸ்கேனில் பாதியில் நிறுத்தலாம். அவர் கையைத் தூக்கினால் வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிக் குமட்டல் போய்விடுகிறது. சரியாக வராத இடத்தை மட்டும் திரையில் அழித்துவிட்டு அங்கே மட்டும் திரும்ப எடுக்கலாம். புட்டியில் ஓரிடத்தில் குமிழி என்றால் மொத்தமும் திரும்பத்தானே எடுக்க வேண்டும்? தேய்த்த பல்லை அந்த நிமிடமே திரையில் பல மடங்கு பெரிதாகப் பார்ப்பதும் சின்ன விஷயம் இல்லை. மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன், எங்கே உட்சரிவு இருக்கிறது என்பதெல்லாம் நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் என் கை சுத்தமானதற்கு அதுதான் காரணம். வாங்கச் சொல்வதற்கு என்னுடைய முதல் காரணமும் அதுவே.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். வாய் நன்றாகத் திறக்க முடியாதவர்களுக்கு ஸ்கேனரின் தலைப்பகுதியும் பருமன்தான். கடைசிப் பல்லின் பின்முகத்துக்கு அதை வளைத்துக் கொண்டுபோவது படாத பாடு.

உயரமாக வந்த கிரவுனுக்கும் ஒரு யோசனை. மரத்துப்போன தாடையோடு நோயாளி கடிக்கும் கடி பல சமயம் அவருடைய கடியே இல்லை. ஸ்கேனர் இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே எதிர்வரிசையையும் கடியையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுத்தபிறகு திரை காட்டும் தொடுபுள்ளிகளும், வாயில் வைத்த கார்பன் தாளின் புள்ளிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பின்பற்கள் இல்லாத பக்கத்தில் ஸ்கேனரின் கடியை நான் நம்புவதில்லை; மெழுகுக் கட்டையை வைத்துத்தான் கடி எடுக்கிறேன்.

தவணைக் கணக்கு

பிரதிநிதி கொடுத்த தாளில் புட்டி மிச்சம், கூரியர் மிச்சம், ரிப்பீட் மிச்சம் என்று வரிசையாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுத வேண்டியவை: வருடாந்திர மென்பொருள் கட்டணம், நல்ல கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டர், ஆட்டோகிளேவில் போட்டெடுக்கும் முனைகள் (ஒவ்வொன்றுக்கும் இத்தனை முறைதான் என்று நிறுவனம் வரம்பு வைத்திருக்கும்), உத்தரவாதம் முடிந்தபின் பழுதுபார்க்கும் செலவு, மாடல் வேண்டும் என்று லேப் கேட்டால் அச்சடிக்கும் செலவு. கருவி கீழே விழுந்தால் பழுது முடியும் வரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கை தவறி விழும். எல்லோரிடமும் ஒருமுறையாவது விழுந்திருக்கிறது.

மாதம் 15 வேலையில் புட்டி மிச்சம் மட்டுமே தவணையைக் கட்டிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரிப்பீட்டில் மிச்சம் என்று எழுதியிருப்பதிலும் நான்கு கிரவுன்களைக் கழித்துவிடுங்கள், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். ஸ்கேனர் தன் காசைச் சம்பாதிப்பது பெரும்பாலும் புதிய வேலைகளில்: அலைனர், நைட் கார்டு, தேய்மானத்தை வருடா வருடம் ஒப்பிட்டுக் காட்டுவது போன்றவை. அவற்றைச் செய்ய உங்களுக்கு ஆர்வமும் பயிற்சியும் உண்டா என்பதுதான் கணக்கின் மையக் கேள்வி. கடிதத்தில் அலைனர் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நேரமும் முதலில் மிச்சமாகாது. ஆரம்ப வாரங்களில் ஒரு வாய்க்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம்கூட ஆகும். அந்த வாரங்களில் நோயாளிகளை நெருக்கமாக வரச் சொல்லாதீர்கள்.

மாதக் கடைசிச் சலுகை பற்றி என்ன சொல்ல? சூரிச்சில் மோர்மனும் பிரான்டெஸ்டினியும் சேர்ந்து கம்ப்யூட்டரில் செய்த முதல் இன்லேயை (பல்லின் குழிக்குள் ஒட்டும் அடைப்பை) நோயாளிக்குப் பொருத்தியது 1985இல். நாற்பது வருடமாக வந்துகொண்டிருக்கும் தொழில்நுட்பம் இந்த மாதம் 31ஆம் தேதியோடு நின்றுவிடாது. அடுத்த மாதமும் ஒரு சலுகை வரும்.

“ஸ்கேனர் இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள்” என்று நண்பர்கள் சொன்னதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனர் இருப்பதாக அறிந்து வருபவர்கள் சிலர் உண்டு. போட்ட பல் நிற்கிறது என்று கேள்விப்பட்டு வருபவர்கள் எப்போதும் அதிகம்.

ஃபைல் யாருடையது?

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இதைத் தேடுங்கள். ஸ்கேனை எஸ்டிஎல், பிஎல்ஒய் போன்ற பொதுவான வடிவில் எந்த லேப்புக்கும் நீங்களே அனுப்ப முடியுமா? அதற்குத் தனிக் கட்டணமா? வருடாந்திரக் கட்டணம் கட்டாமல் விட்டால் பழைய நோயாளிகளின் ஃபைல்களைத் திறக்க முடியுமா? சில அமைப்புகளில் ஃபைல் அந்த நிறுவனத்தின் கிளவுடில்தான் இருக்கும். சந்தா நின்றால் கதவு மூடிவிடும். நோயாளியின் பதிவேட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது, விற்றவருடையது இல்லை. அதனால் பிரதி ஒன்று உங்கள் கையிலும், இன்னொன்று வேறொரு இடத்திலும் இருக்க வேண்டும். இன்னொன்று, எஸ்டிஎல்லில் வடிவம் மட்டும்தான் போகும், நிறம் போகாது. ஈறு எது, பல் எது என்று டெக்னீஷியன் நிறத்தை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பார். நிறத்தோடு அனுப்புங்கள். அதைவிட நல்லது, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே ஓரக் கோட்டை நீங்களே திரையில் வரைந்து அனுப்புவது.

நோயாளியிடமும் சொல்லிவிட வேண்டும். முகமே அடையாளம் தெரியாமல் போனவர்களைக்கூடப் பல்லை வைத்து அடையாளம் காண்கிறோம்; அப்படிப்பட்ட தகவல் அது. எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்கெல்லாம் போகிறது என்று இரண்டு வரியில் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போடுவதென்றால் அதற்குத் தனி ஒப்புதல். நோயாளி தன் ஸ்கேனின் பிரதியைக் கேட்டால் கொடுக்கத் தயங்காதீர்கள்.

லேப்காரரும் உதவியாளரும்

டெக்னீஷியனிடம் இன்னும் பேசவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து அப்புறம். பதினொரு வருடமாக உங்கள் அளவுகளைப் பார்க்கும் அவருக்கு, அந்த நான்கு கிரவுன் ஏன் உட்காரவில்லை என்று ஏற்கனவே தெரிந்திருக்கும். மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருப்பார். “நாக்குப் பக்கத்து ஓரம் என் அளவில் தெளிவாக வருகிறதா? மறைக்காமல் சொல்லுங்கள்” என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வடிவமைப்பது மற்றவர் கையில் இருந்தாலும், வந்த கிரவுனைப் பொருத்திப் பார்க்கவும் நிறம் தீட்டவும் பல்செட் செய்யவும் அவருடைய கை உங்களுக்குத் தேவை.

உதவியாளருக்கும் பதில் சொல்ல வேண்டும். தண்ணீரின் சூட்டை விரலால் பார்த்தே அல்ஜினேட் எப்போது இறுகும் என்று கணிப்பவர், ஸ்கேனரை உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். எந்த ஸ்கேனருக்கும் இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று நிறுவனம் ஒரு பாதை சொல்லியிருக்கும். அந்தப் பாதையை மாற்றாமல் போவது, நாற்காலி விளக்கை அணைப்பது, கன்னத்தை ஒதுக்கி உலர்வாக வைப்பது எல்லாம் பொறுமை உள்ளவர்களுக்கு வரும் வேலை. எதிர்வரிசையையும் கடியையும் அவர் எடுக்கலாமா என்பதை உங்கள் பகுதியின் விதிகள் சொல்லும். தேய்த்த பல்லை மட்டும் நீங்களே எடுங்கள். பயிற்சி நாளில் அவரையும் உட்கார வைப்பேன் என்று இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு அளவையும் எழுதுங்கள்: எந்தப் பல், ஓரம் எங்கே, எத்தனை முறை எடுத்தீர்கள், கிரவுன் வந்தபோது எங்கே திருத்தினீர்கள். வினைல் உறை, இரட்டைக் கார்டு (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நூல்), உருட்டிய கோணங்கள், இந்த மூன்றையும் அன்றிலிருந்தே செய்யுங்கள். அந்த நான்கு கிரவுன் சிக்கல் எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குள் இரண்டு மூன்று நிறுவனங்களை டெமோவுக்கு அழையுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாடலிலோ, பிரதிநிதியின் பளிச்சென்ற முன்பல்லிலோ காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் நோயாளி ஒருவரின் சம்மதத்தோடு, தேய்த்த கீழ்க் கடைவாய்ப் பல்லை, நாக்குப் பக்கத்து ஓரத்தை, உங்கள் கையால் எடுத்துப் பாருங்கள். அதே பல்லுக்குப் புட்டியிலும் அளவெடுத்து இரண்டையும் டெக்னீஷியனிடம் காட்டுங்கள். எதில் ஓரக் கோட்டை அவர் தயங்காமல் வரைகிறாரோ அதுதான் உங்கள் பதில். மாதக் கடைசியில் பிரதிநிதி போன் செய்தால், டெமோவுக்கு நாள் கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்கும் ஒரு போன் போடுங்கள். தேய்த்த பல்லில் தற்காலிக சிமென்ட்டில் நிற்கும் கேப்போடு எத்தனை நாள் இருப்பார்? ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பரிடம் அனுப்பி ஸ்கேன் மட்டும் எடுத்து வரச் சொல்லலாம், பிரிட்ஜை நீங்களே வைக்கலாம். “அந்த மாவு வேண்டாம், சின்ன கேமராதான், வேண்டாம் என்றால் நடுவிலேயே நிறுத்திவிடலாம்” என்று சொல்லுங்கள். வருவார்.